கஹோலாவேத் தீவும் நாற்பது கோடி டாலரும்

சேனைக்கெனக் கொள்ளப்பட்ட நிலத்தில் பண்டைக் கோயிலும் இடுகாடும் காடும் இருப்பின், அவற்றைக் காத்தற்கு ஆகும் பொருளை யார் கொடுப்பது என்னும் வினா, மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு அரசாங்கக் கணக்கரது வினாவாகவே தோன்றும். ஆயினும், சிறு தொகையினரான ஒரு பழங்குடியார் தம் முன்னோர் நிலத்தைச் சேனையிடமிருந்து மீட்ட சரித்திரத்தை ஊன்றிப் பார்ப்போமாயின், நிலத்தை மீட்பது ஒன்று, மீட்டதைப் பேணப் பொருள் பெறுவது மற்றொன்று என்பது விளங்கும். நம் சங்கத்தின் பொதுச்சொத்துக்களை மேற்பார்க்கும் அன்பர்கட்குப் பயன்படுமெனக் கருதி, ஹவாயித் தீவுகளுள் ஒன்றாகிய கஹோலாவேயின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பசிபிக் மகாசமுத்திரத்தில், மாவுயி என்னும் பெருந்தீவிற்குத் தென்மேற்கே 7 மைல் தொலைவில் உள்ளது கஹோலாவே. அதன் பரப்பு 45 சதுர மைல். ஏக்கர்க் கணக்கில் 28,800. மாவுயியின் ஹாலெயாகலா மலை மழைமேகங்களைத் தடுத்துவிடுதலின் அஃது இயல்பாகவே வறண்ட நிலம். எனினும் ஹவாயியப் பழங்குடியினர் அதனை வெற்றுநிலமென்று எண்ணினாரல்லர். கடற்றெய்வமாகிய கனலோவாவின் திருமேனியே அத்தீவு என்பது அவர்தம் நம்பிக்கை. அதன் மேற்கு முனைக்கு அவர்கள் இட்ட பெயர் கெயலாயிகஹிகி. தாஹிதிக்குச் செல்லும் வழி என்பது பொருள். மோவாவுலாயிகிச் சிகரத்தின்மேல் மீகாமர்கள் விண்மீன் நோக்கிக் கலஞ்செலுத்தும் வித்தையைப் பயின்றனர். மோயிவிக் குன்றில் கற்கோடரி செய்தற்குரிய கருங்கல்லை வெட்டியெடுத்தனர். இத்தகைய தொல்லிடங்களும் அவற்றின் உறுப்புக்களுமாக ஏறத்தாழ 3,000 அத்தீவிற் குறிக்கப்பட்டுள்ளன.

1858 முதல் தீவு கால்நடை வளர்ப்போர்க்குக் குத்தகையாக விடப்பட்டது. ஆடும் மாடும் புல்லை வேரோடு மேய்ந்தன. காற்று மேல்மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. 1941 மே மாதத்தில் குத்தகைதாரர், தீவின் ஒரு பகுதியைப் பீரங்கிப் பயிற்சிக்காக அமெரிக்க சேனைக்கு ஆண்டொன்றுக்கு 1 டாலர் வாடகைக்கு விட்டனர். இந்த ஒரு டாலரை வாசகர் நினைவில் வைப்பாராக. அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் தேதி பியர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபின், தீவு முழுவதும் சேனையின் வசமாயிற்று. யுத்தம் முடிந்தும் குண்டுமாரி முடிந்தபாடில்லை. 1965-இல், கப்பல்கள் வெடியதிர்ச்சியைத் தாங்குமாறு எங்ஙனமென்று அறியும்பொருட்டு, 500 டன் வெடிமருந்தைக் கரையிற் குவித்துக் கொளுத்தினர். அங்ஙனம் செய்தது ஒருமுறையன்று, மும்முறை.

இதனிடையே 1953 பிப்ரவரி 20-ஆம் தேதி பிரசிடெண்ட் ஐசனோவர் பிறப்பித்த 10436-ஆம் எண் உத்தரவைச் சற்று நிதானித்து நோக்கவேண்டும். தீவைக் கப்பற்படைக்கு ஒதுக்கிய உத்தரவு அது. ஆயினும் அதனுள்ளே இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, பிளவுற்ற குளம்புடைய விலங்குகளைப் படையினர் ஒழித்தல் வேண்டும், அல்லது 200-க்கு மேற்படாமற் காத்தல் வேண்டும் என்பது. மற்றொன்று, தேவை தீர்ந்த பின்னர் அந்நிலத்தை மனிதர் அச்சமின்றி வாழத்தக்கதாகச் செய்து, ஹவாயிக்குச் செலவு யாதும் வாராதவாறு திருப்பிக்கொடுத்தல் வேண்டும் என்பது. எழுதியவர் எத்துணை முன்னறிவோடு எழுதியிருக்கிறார்! ஆனால் அதனை நிறைவேற்றுதற்குப் பணம் எங்கிருந்து வரும், எவ்வாண்டு வரும் என்னும் சொல் ஒன்றேனும் உத்தரவில் இடம்பெற்றிலது. ஆடுகள் ஆயிரக்கணக்கிற் பெருகின.

1976 ஜனவரியில் ஹவாயியர் சிலர் தடையை மீறித் தீவில் இறங்கினர். அவர்தம் கூட்டத்திற்குக் கஹோலாவே காக்கும் ஓஹானா என்று பெயராயிற்று. ஓஹானா என்பது குடும்பம். அவருள் ஒருவரான வைத்தியர் நோவா எம்மெட் அலுலி முதலாயினார் அவ்வாண்டே பெடரல் கோர்ட்டில் வழக்கிட்டனர். 1977 மார்ச்சில் ஜார்ஜ் ஹெல்ம் என்னும் பாடகரும், கிமோ மிட்செல் என்பாரும் தீவையடுத்த கடலிற் காணாமற்போயினர். அவர்தம் உடல்கள் இன்றளவும் கிடைத்தில. 1980-இல் ஏற்பட்ட இணக்கத் தீர்ப்பின்படி, தொல்லிடங்களை அளவிடவும், மண்ணைக் காக்கவும், ஆடுகளை நீக்கவும், பழங்குடியினரை வழிபாட்டிற்கு அனுமதிக்கவும் கப்பற்படை கடமைப்பட்டது. 1981-இல் தீவு முழுவதும் தேசிய சரித்திரச் சின்னப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. பட்டியலிற் சேர்ந்த பின்னரும் ஒன்பது ஆண்டுகள் குண்டுவீசினர். இவ்விரண்டும் ஒரே அரசாங்கம் செய்தவை என்பதை நம்புதல் அரிது!

1990 அக்டோபர் 22-ஆம் தேதி மூத்த ஜார்ஜ் புஷ் குண்டுவீச்சை நிறுத்தினார். அடுத்த மாதமே நிறைவேறிய படைச்செலவுச் சட்டத்தில், சேனைநிலங்களிலுள்ள இயற்கை வளங்களையும் பண்பாட்டுச் செல்வங்களையும் பேணுதற்கு 'மரபுச்செல்வ நிர்வாகத் திட்டம்' என ஒன்று தோன்றி, 1 கோடி டாலர் பெற்றது. இதற்கு முன்னும் வழி இல்லாமலில்லை. 1960-இன் ஸைக்ஸ் சட்டம், படைநிலத்தில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் வருவோர் செலுத்தும் கட்டணத்தை அவ்விடத்து உயிரினங்களின் பாதுகாப்பிற்கே செலவிட விதித்திருந்தது. வேட்டைக்காரர் வாராத கோயிலிடிபாட்டிற்கு அதனாற் பயனென்ன? புதிய திட்டம் அக்குறையை நீக்கிற்று. எனினும் அந்த 1 கோடி, சுமார் 2.5 கோடி ஏக்கர் படைநிலத்திற்கு ஆகியது என்பதைக் காண்க.

1993-இல் அமெரிக்கக் காங்கிரஸ் கஹோலாவே ஒன்றற்கே 40 கோடி டாலர் ஒதுக்கியது. ஆண்டுக்கு 1 டாலர் வாடகை பெற்ற தீவு! 1994 மே 7-ஆம் தேதி தீவின் உரிமை ஹவாயி மாநிலத்திற்கு வந்தது. மேற்பரப்பு முழுவதையும் துப்புரவு செய்வதாகவே முதலில் எண்ணம். வேலை கருதியதினும் கடிதாயிற்று. 2004-இல் படையினர் வேலையை முடித்துக்கொண்டு அகன்றபோது, மேற்பரப்பில் சுமார் 75 விழுக்காடே துப்புரவாகியிருந்தது. நான்கடி ஆழம்வரை துப்புரவானது ஏறத்தாழ 10 விழுக்காடுதான். எஞ்சிய நிலத்தில் வெடியாத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன.

அந்த 40 கோடியில் நூற்றுக்கு 11 பங்கு, அதாவது 4 கோடியே 40 லக்ஷம் டாலர், தீவை நிர்வகிக்கும் மாநில ஆணையத்திற்கு அறநிதியாகச் சேர்ந்தது. நம் சோழர் கல்வெட்டுக்களில், ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடு விட்டு, அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதிவைத்தனர். ஆடு இறக்கும், கன்று பிறக்கும். மந்தையின் எண் குறையாது. நெய் மட்டுமே செலவாகும். கஹோலாவே நிதியிலோ நெய்யோடு மந்தையும் செலவாயிற்று. செடி நடுதற்கும், படகு ஓட்டுதற்கும், ஆள்வைத்துக் காத்தற்கும் முதலையே எடுக்க நேர்ந்தது. ஆணையத்தார் வீண்செலவு செய்தார் என்று கூறுதல் பொருந்தாது. குண்டு கிடக்கும் நிலத்தில் ஒரு மரம் நடுதற்கும் முன்னே வழிகாட்டுவோன் ஒருவன் நடந்தாகவேண்டும். 2010-களின் நடுவில் நிதி வற்றும் நிலையை எய்தியது. அதன்பின் ஆணையம் மாநிலச் சட்டசபையின் மானியத்தை எதிர்நோக்கலாயிற்று.

2020 பிப்ரவரியில் தீவில் தீப்பற்றி, ஏறத்தாழ 9,000 ஏக்கர் எரிந்தது. வெடியாத குண்டுகள் காரணமாகத் தீயணைப்போர் தரைவழியே சென்று அணைக்க இயலவில்லை. ஆணையத்தின் கருவிகள் வைத்திருந்த கிடங்கும் சாம்பலாயிற்று.

மாநிலச் சட்டப்படி அத்தீவில் வாணிகம் கூடாது. ஹவாயியரது வழிபாடு, பண்பாடு, நிலச்சீர்திருத்தம், கல்வி முதலியவற்றிற்கே அது உரியது. ஹவாயியப் பழங்குடியினர்க்கெனத் தன்னாட்சியுடைய அமைப்பொன்று அங்கீகாரம் பெறுங்காறும் மாநிலம் அதனை அறப்பொறுப்பில் வைத்திருத்தல் வேண்டும். அவ்வமைப்பு இன்னும் தோன்றிற்றிலது.