5 பழக்கங்கள், 23 சதவீதம்: குடல் புற்றுநோய்க் கணக்கை எப்படிப் படிப்பது?

'இந்த 5 பழக்கங்கள் இருந்தால் குடல் புற்றுநோய் 23% குறையும்' என்ற வரி எங்காவது உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அந்த எண் டென்மார்க்கில் இருந்து வந்தது. 2010-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அது. 50 முதல் 64 வயது வரையிலான சுமார் 55,500 பேரை ஏறத்தாழ 10 ஆண்டுகள் கண்காணித்தார்கள். அவர்களில் 678 பேருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் வந்தது.

அந்த ஐந்து எவை?

புகைக்காமல் இருப்பது, தினமும் அரை மணி நேர உடலுழைப்பு, அளவு மீறாத மது, இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 88, ஆண்களுக்கு 102 செ.மீ.க்குள், நார்ச்சத்து கூடி சிவப்பு இறைச்சி குறைந்த உணவு.

இடுப்பு அளவை அப்படியே எடுத்துக்காதீங்க. தெற்காசியர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 செ.மீ. மதுவிலும் கவனம் தேவை. ஆண்களுக்கு வாரம் 14 ட்ரிங்க் வரை 'ஓகே' என்று இந்த ஆய்வு வைத்துக்கொண்டது. ஆனால் குடல் புற்றுநோய்க்கு மது ஒரு காரணம் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் நிலைப்பாடு.

சரி, 23% என்றால் என்ன?

உங்கள் தனிப்பட்ட ஆபத்து 23% குறையும் என்று அர்த்தமில்லை. எல்லோரும் ஐந்தையும் கடைப்பிடித்திருந்தால் அந்த 678-ல் சுமார் 156 பேருக்கு நோய் வராமல் இருந்திருக்கலாம் என்ற மதிப்பீடுதான் அது. ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட்டால் இன்னும் தெளிவு: 10 வருஷத்தில் 12 பேருக்கு வந்த நோய், 9 பேருக்கு வந்திருக்கும்.

ரொம்ப சின்னதா தெரியுதா? இதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு எண் இருக்கிறது: 13%. ஐந்தும் வேண்டாம், ஒவ்வொருவரும் இப்போது இருப்பதோடு ஒரே ஒரு பழக்கத்தைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய பங்கு அது. என்னைக் கேட்டால் தலைப்பில் வந்திருக்க வேண்டியது இதுதான். இது அவதானிப்பு ஆய்வு என்பதால், பழக்கங்கள்தான் முழுக் காரணம் என்று நிரூபிக்க முடியாது என்பதையும் சேர்த்தே படிக்கணும்.

மீதி 9 பேர்?

வயது, குடும்பத்தில் யாருக்காவது இருந்த நோய் போன்றவை நம் கையில் இல்லை. நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கும் இது வரும். அதனால் மலத்தில் ரத்தம் வந்தால் 'மூலமா இருக்கும்' என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலான குடல் புற்றுநோய்கள் சிறு கட்டியாகத் தொடங்கி, புற்றாக மாறப் பல ஆண்டுகள் எடுக்கும். அதற்குள் கண்டுபிடித்தால் கொலோனோஸ்கோப்பி செய்யும்போதே கட்டியை அகற்றிவிடலாம்.