வாளியால் அளந்த கடல்

புவியின் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு கடலாக இருப்பதால், உலகின் சராசரி வெப்பநிலை கடந்த நூற்றாண்டுகளில் எவ்வளவு உயர்ந்தது என்னும் கணக்கு பெரிதும் பழைய கப்பல்களின் பதிவேடுகளையே சார்ந்துள்ளது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ ஃபோன்டெய்ன் மோரியின் முயற்சியால் 1853இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய மாநாடு, காற்று, நீரோட்டம், கடல்நீரின் வெப்பநிலை ஆகியவற்றை ஒரே முறையில் பதிவு செய்யும்படி கடலோடி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பயணத்தைச் சுருக்குவதே அதன் நோக்கமாக இருந்ததேயன்றி, தட்பவெப்ப மாற்றத்தை ஆராய்வது அன்று.

மாலுமிகள் வாளியைக் கடலில் இறக்கி, மொண்ட நீரில் வெப்பமானியை வைத்து அளந்தனர். மரவாளிகளுக்குப் பதிலாகக் கித்தான் வாளிகள் பரவியபோது, மண்பானையில் நீர் குளிர்வதுபோல, நனைந்த துணியிலிருந்து நீர் ஆவியானதால் அளவுகள் உண்மையைவிடக் குறைந்தன. நீராவிக் கப்பல்களிலோ எந்திரத்தைக் குளிர்விக்க உள்ளிழுக்கும் நீரை அளக்கும் வழக்கம் தோன்றியது. எந்திர அறையின் வெப்பத்தால் அவ்வளவுகள் சற்றுக் கூடின. இரண்டாம் உலகப் போர்க்காலப் பதிவுகளில் இம்முறையைக் கையாண்ட அமெரிக்கக் கப்பல்களின் பங்கு மிகுந்திருந்தது. போர் முடிந்ததும் வாளியைக் கையாண்ட பிரிட்டன் கப்பல்களின் பங்கு பெருகியது. இதனால் 1945இல் உலகச் சராசரி ஏறத்தாழ 0.3 டிகிரி செல்சியஸ் திடீரெனச் சரிந்ததாகத் தோன்றியதை, காலநிலை ஆய்வாளர் டேவிட் தாம்ப்சனும் பிறரும் 2008இல் எடுத்துக்காட்டினர்.

பிழை கடலில் மட்டும் நேரவில்லை. 1930களில் ஜப்பானியக் கப்பல்கள் பதிந்த அளவுகள் பிற்காலத்தில் அமெரிக்காவில் கணிப்பொறிக்கேற்ற வடிவுக்கு மாற்றப்பட்டபோது, பதின்மப் புள்ளிக்குப் பின்னிருந்த எண்கள் வெட்டப்பட்டதால் வடபசிபிக் கடல் குளிர்ந்ததாகத் தோன்றியது 2019இல் கண்டறியப்பட்டது.

இத்தகைய பிழைகளைச் சரிசெய்யும் திருத்தங்கள் வெப்பமடைதலை மிகைப்படுத்துவதற்காகவே செய்யப்படுகின்றன என்னும் குற்றச்சாட்டு, வாளி அளவுகளின் வரலாற்றோடு பொருந்தவில்லை. காலநிலை ஆய்வாளர்கள் கிறிஸ் ஃபாலண்டும் டேவிட் பார்க்கரும் 1995இல் வெளியிட்ட திருத்தம், 1942க்கு முற்பட்ட குளிர்ந்த அளவுகளை உயர்த்தியதால், நெடுங்கால வெப்ப உயர்வைக் குறைத்தே காட்டியது. பழைய பதிவுகள் குறையற்றவை அல்ல. ஆயினும் அவற்றின் குறை எந்தத் திசையில், எக்காரணத்தால் நேர்ந்தது என்பதை அறிந்து திருத்த முடிவதால், அவற்றை முற்றிலும் ஒதுக்குவதற்கு ஆதாரம் இல்லை.