பூட்டும் சாவியும்: எளிய மறையாக்க வகுப்பின் வரலாறு



தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுள் சிலர் ஓய்வு நேரத்தில் விசுவல் பேசிக், சி ஷார்ப் போன்ற மொழிகளைப் பயின்று, தேர்வுப் புள்ளிகளையும் மாணவர் விவரங்களையும் பதிவு செய்யும் சிறு சிறு மேசைக்கணினி நிரல்களை எழுதி வருகின்றனர். நானும் அந்த ஆர்வம் உடையவன். இத்தகைய நிரலில் பெற்றோரின் வருமானம், பிறப்புச் சான்றிதழ் எண் முதலியன சேரத் தொடங்கியதும், 'இதைப் பிறர் படிக்காதவாறு மறைக்க வேண்டுமே' என்னும் எண்ணம் எழும். இணையத்தில் தேடினால் முப்பது நாற்பது வரிகளில் ஓர் எளிய மறையாக்க வகுப்பு கிடைக்கும். அதை அப்படியே ஒட்டினால், 'அம்மா' என்னும் சொல் பொருள் விளங்காத எழுத்துக் குவியலாக மாறிவிடும். வேலை முடிந்தது என்று மனம் நிறைவடையும்.

அந்த முப்பது வரிகளுக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்தால்தான் வேலை முடிந்ததா இல்லையா என்பது புலப்படும்.

சொல் விளக்கம் ஒன்று. 'என்கிரிப்ஷன்' என்பதை மறையாக்கம் என்றும், அதனை மீட்டெடுப்பதை மறைநீக்கம் என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். 'வகுப்பு' என்பது நம் வகுப்பறை அன்று. நிரல்மொழியில் 'கிளாஸ்' எனப்படும், தரவையும் அதன்மேல் செய்யும் செயல்களையும் ஒன்றாகக் கட்டி வைத்த தொகுப்பு.

1. சீசரின் மூன்றெழுத்து

உரோமானியத் தலைவர் சூலியசு சீசர், தம் மடல்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதிலிருந்து மூன்றாவதாக வரும் எழுத்தை எழுதினார் என வரலாற்றாசிரியர் சுவெட்டோனியசு குறிப்பிடுகிறார். முறையை அறிந்த எவரும் மடலைப் படித்துவிடலாம். ஏனெனில் அம்முறையைத் தவிர மறைப்பதற்கு வேறொன்றும் இல்லை.

எழுத்துகளை ஒழுங்கின்றி மாற்றி அமைத்தால் பாதுகாப்பு கூடுமா? ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாது நகரில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி இதற்கு விடை கண்டார். ஒரு மொழியில் எந்த எழுத்து மிகுதியாக வருகிறது என எண்ணிப் பார்த்து, மறைமடலில் மிகுதியாக வரும் குறியோடு அதனைப் பொருத்தினால் மறைவு உடைந்துவிடும் என்று அவர் எழுதி வைத்தார். எழுத்தின் உருவத்தை மாற்றினாலும் அதன் பழக்கம் மாறுவதில்லை.

நம் தமிழுக்கும் இது பொருந்தும். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வாராது. வல்லினம் மிகும் இடங்களில், முதற்சொல்லின் இறுதியில் 'க்' வந்தால் அடுத்த சொல் ககர வரிசையில் தொடங்கியே தீரும். நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கும் வலிமிகும் விதியே, எழுத்துக்கு எழுத்து மாற்றி மறைத்த தமிழ்மடலை உடைப்பவனுக்கு நல்லதொரு துப்பாகிவிடும்.

2. மாறும் எழுத்து, திரும்ப வரும் சாவி

1553-இல் இத்தாலியரான பெல்லாசோ புதியதொரு வழியைக் காட்டினார். ஒரு சாவிச்சொல்லை மடலின்மேல் மீண்டும் மீண்டும் எழுதி, அதன் ஒவ்வோர் எழுத்துக்கும் ஏற்ப வெவ்வேறு அளவில் இடம்பெயர்க்கும் முறை அது. பின்னாளில் விசெனேர் என்னும் பிரெஞ்சுக்காரரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஒரே எழுத்து ஓரிடத்தில் ஒன்றாகவும் மற்றோரிடத்தில் வேறாகவும் மாறியதால், எழுத்தை எண்ணுவோர் திகைத்தனர்.

ஆயினும் சாவிச்சொல் திரும்பத் திரும்ப வருகிறதன்றோ? 1863-இல் பிரசியப் படை அதிகாரி காசிஸ்கி, மறைமடலில் மீண்டும் வரும் எழுத்துத் தொடர்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து, சாவியின் நீளத்தைக் கண்டறியும் வழியை நூலாக வெளியிட்டார். நீளம் தெரிந்தபின் எஞ்சியது அல்-கிந்தியின் பழைய கணக்கே.

1917-இல் அமெரிக்கப் பொறியாளர் வெர்னாம், தொலையச்சு நாடாவின் துளைகளைச் சாவி நாடாவின் துளைகளோடு கூட்டும் முறையை அமைத்தார். நிரல்மொழியில் இன்று 'எக்ஸ்ஆர்' எனப்படுவது இதுவே. சாவி மடலின் அளவு நீளமுடையதாகவும், முற்றிலும் ஒழுங்கற்றதாகவும், ஒரே ஒருமுறை பயன்படுவதாகவும் இருந்தால் இம்முறையை உடைக்கவே இயலாது என்பதை ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் மெய்ப்பித்தார்.

'எக்ஸ்ஆர்' கொண்டு எழுதப்பட்ட எளிய வகுப்புகள் பலவற்றில் எட்டெழுத்துக் கடவுச்சொல் ஒன்றே சுழன்று சுழன்று வருகிறது. செயல் வெர்னாமுடையது, பாதுகாப்போ பெல்லாசோவின் காலத்தது. காசிஸ்கியின் அளவுகோல் அதற்குப் போதும்.

3. ஒரு மொழியாசிரியரின் கொள்கை

இவ்வரலாற்றில் நம் நெஞ்சுக்கு நெருக்கமானவர் ஆகஸ்ட் கெர்க்கோஃப்ஸ். ஒல்லாந்தில் பிறந்து பிரான்சு நாட்டில் செருமன் மொழி கற்பித்த ஆசிரியர் அவர். 1883-இல் படைத்துறை மறையெழுத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஆறு விதிகளை வகுத்தார். அவற்றுள் இரண்டாவது புகழ்பெற்றது: முறை இரகசியமாக இருக்க வேண்டியதில்லை, பகைவன் கையில் அது சிக்கினாலும் கேடு விளையக்கூடாது. இரகசியம் முழுவதும் சாவியில் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஆறாவது விதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். முறை பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும், மூளையை வருத்தக்கூடாது என்கிறது அது. ஆகவே, எளிய வகுப்பு என்பது பழிக்கத்தக்கதன்று. எளிமையின் போர்வையில் சாவி எங்கே இருக்கிறது என்னும் கேள்வி மறைந்துபோவதே இடர்.

4. 'டெஸ்' முதல் 'ஏ.இ.எஸ்.' வரை

1977-இல் அமெரிக்க அரசு, ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவான 'டெஸ்' முறையைத் தரமாக அறிவித்தது. முறை முழுவதும் வெளிப்படை. சாவியின் நீளமோ 56 பிட்டு மட்டுமே. 1998-இல் ஓர் அமெரிக்க இணைய உரிமை அமைப்பு, இரண்டரை இலட்சம் டாலருக்கும் குறைவான செலவில் அமைத்த பொறி, 56 மணி நேரத்தில் சாவியைக் கண்டுபிடித்தது. மும்முறை 'டெஸ்' செய்யும் 'திரிபிள் டெஸ்' சில காலம் தாங்கிப் பிடித்தது. 1997-இல் தொடங்கிய திறந்த போட்டியில் 15 முறைகள் களம் இறங்கின. பெல்ஜியத்தின் டேமன், ரைமன் இருவரும் வகுத்த முறை வென்று, 2001-இல் 'ஏ.இ.எஸ்.' என்னும் பெயரில் தரமானது.

2002-இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் டாட் நெட் தளம் இம்முறைகளை ஆயத்த வகுப்புகளாகத் தந்தது. விசுவல் பேசிக் பயில்வோருக்கான அந்நிறுவனத்தின் வழிகாட்டியில் 'சிம்பிள் 3 டெஸ்' என்றொரு வகுப்பு இடம்பெற்றது. கடவுச்சொல்லை வாங்கி, அதிலிருந்து சாவியை உருவாக்கி, சொற்றொடரை மறைத்துத் தரும் வகுப்பு. பயில்வோர்க்கு அது நல்ல பாடம். ஆனால் மறையாக்கம் தொடங்கும்போது கலக்க வேண்டிய 'தொடக்க மதிப்பு' அதில் எப்போதும் ஒன்றாகவே இருந்தது. எனவே ஒரே கடவுச்சொல்லின் கீழ் ஒரே சொல்லை எத்தனை முறை மறைத்தாலும் ஒரே விளைவுதான் வரும்.

இதனால் என்ன கேடு? 'உதவித்தொகை பெறுபவரா?' என்னும் கட்டத்தில் 'ஆம்', 'இல்லை' என்னும் விடைகளைத் தனித்தனியே மறைத்து வைப்பதாகக் கொள்வோம். எல்லா 'ஆம்' விடைகளும் ஒரே உருவில் தோன்றும். ஒரு மாணவன் உதவி பெறுவதை ஏற்கெனவே அறிந்தவர், சாவியே இல்லாமல் மற்ற எல்லாரையும் அறிந்துவிடுவார். அல்-கிந்தி எழுத்துக்குச் சொன்னதை இங்கே முழுச் சொல்லுக்கே செய்துவிடலாம்.

இது வெறுங்கற்பனை அன்று. 2013-இல் அடோபி நிறுவனத்தின் பயனர் பதிவுகள் கசிந்தன. சுமார் 15 கோடிக் கணக்குகளின் கடவுச்சொற்கள் 'திரிபிள் டெஸ்' முறையில், ஒன்றுபோன்றவை ஒன்றாகவே தோன்றும் வகையில் மறைக்கப்பட்டிருந்தன. சாவி வெளியாகவில்லை. ஆயினும் ஒரே உருவம் சுமார் 19 இலட்சம் முறை வந்தது. பயனர்கள் எழுதிவைத்த நினைவூட்டுக் குறிப்புகளோ மறைக்கப்படாமல் அருகிலேயே இருந்தன. அது '123456' என்று கண்டுகொள்ள அறிஞர் எவரும் தேவைப்படவில்லை.

5. தமிழுக்கு நேரும் தனி இடர்

ஆங்கில எழுத்தை மட்டும் மனத்திற்கொண்டு எழுதிய வகுப்புகள் தமிழைச் சிதைத்துவிடும். ஒருங்குறியில் 'க' எழுத்துக்கு அடுத்த மூன்று இடங்கள் வெற்றிடங்கள். நான்காவது இடத்தில்தான் 'ங' இருக்கிறது. சீசரைப் போல் மூன்று இடம் தள்ளினால் எழுத்தே இல்லாத இடத்தில் போய் நிற்கும். சொற்றொடரை 'ஆஸ்கி' முறையில் பைட்டுகளாக மாற்றும் வகுப்பாயின் இன்னும் மோசம். மறையாக்கத்திற்கு முன்பே ஒவ்வொரு தமிழ்க்குறியும் வினாக்குறியாகிவிடும். மறைநீக்கம் செய்தால் வினாக்குறிகளே திரும்ப வரும். மூலத்தை எவராலும் மீட்க இயலாது. 'யுடிஎஃப்-8' முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறியும் மூன்று பைட்டு. 'அம்மா' என்பது ஐந்து குறி, பதினைந்து பைட்டு. ஆகவே மறைப்பதற்கு முன் யுடிஎஃப்-8 முறைக்கு மாற்றுவது முதற்கடமை.

6. நாம் செய்யத்தக்கவை

அ) சாவியை நிரலுக்குள் எழுதி வைத்தல் கூடாது. மேசைக்கணினி நிரல் பயனரின் கையிலேயே இருக்கிறது. டாட் நெட் நிரலைப் பிரித்துப் படிக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கதவில் பூட்டைப் போட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிடுவது போன்றது அது.

ஆ) பயனர் தட்டும் கடவுச்சொல்லிலிருந்து சாவியை உருவாக்குவதாயின், 'உப்பு' எனப்படும் ஒழுங்கற்ற மதிப்பைச் சேர்த்து, பன்முறை சுழற்றும் 'பிபிகேடிஎஃப்2' முறையைக் கையாளுதல் வேண்டும். டாட் நெட்டில் அதற்கு ஆயத்த வகுப்பு உண்டு.

இ) ஒவ்வொரு முறையும் புதிய தொடக்க மதிப்பு தேவை. 'ஏ.இ.எஸ்.' முறையை 'ஜிசிஎம்' வடிவில் பயன்படுத்தினால், மறைத்த புள்ளிகளை எவரேனும் திருத்தியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

ஈ) ஒரே ஆசிரியர் தம் சொந்தக் கணக்கில் பயன்படுத்தும் விண்டோஸ் கணினியாயின், 'புரொடெக்டட் டேட்டா' வகுப்பு சாவியைக் காக்கும் பொறுப்பை இயங்குதளத்திடமே ஒப்படைத்துவிடும். எல்லாரும் ஒரே கணக்கில் நுழையும் பொதுக் கணினிக்கு இது பொருந்தாது.

உ) கடவுச்சொல் தொலைந்தால் தரவும் தொலையும். முத்திரையிட்ட உறையில் தலைமையாசிரியரிடம் ஒரு படி இருக்கட்டும்.

ஊ) எல்லாவற்றிற்கும் மேலாக, தேவையற்ற விவரத்தைப் பதிவு செய்யாதிருத்தலே நலம். சேர்த்து வைக்காததை எவரும் திருட முடியாது.

தந்தை வேலை இழந்ததையும், வீட்டில் வருமானம் குறைந்ததையும் பெற்றோர் நம்மிடம் கூச்சத்தோடு சொல்கிறார்கள். மறுநாள் அது சக மாணவர் வாயில் கேலியாக வந்தால், அந்தக் குழந்தை அதன்பின் நம்மிடம் எதையும் சொல்லாது. முப்பது வரி நிரலை ஒட்டும்போது நாம் காப்பது அந்த நம்பிக்கையை. எனவே, 'இது வேலை செய்கிறதா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'சாவி எங்கே இருக்கிறது?' என்றும் கேட்போம்.