'உண்மைபோலத் தோன்றல்': ஒரு சொல்லின் சமூக அடிப்படை

ஓர் இலக்கியப் படைப்பை மதிப்பிடுகையில் 'நம்பத்தகுந்தது', 'நம்பத்தகாதது' என்னும் சொற்களை நாம் இயல்பாகவே கையாளுகிறோம். அங்கு அளவுகோலாவது யாருடைய நம்பிக்கை என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. அதனை ஆராய 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் இலக்கிய வரலாறு பெரிதும் துணைபுரிகிறது.

பிரெஞ்சு மொழியில் இப்பொருள் தரும் சொல் 'வ்ரெசாம்ப்ளான்ஸ்' என்பதாகும். சொல்லமைப்பின்படி அது உண்மையை ஒத்திருத்தலைச் சுட்டும். ஆயின் விமர்சன வழக்கில் அது உண்மைக்கு எதிராகவே நிறுத்தப்பட்டது. நிகழக்கூடியதாயினும் நம்பவியலாததைக் காட்டிலும், நிகழவியலாததாயினும் நம்பத்தக்கதே கவிஞனுக்கு ஏற்றது என்ற அரிஸ்டோட்டிலின் கருத்து இதற்குத் தோற்றுவாயாயிற்று.

1637இன் தொடக்கத்தில் கோர்னெய்யின் 'லெ சித்' நாடகம் பாரிஸில் பெருவெற்றி கண்டது. தன் தந்தையை வாட்போரில் கொன்ற ரொத்ரீக்கை ஷிமென் தொடர்ந்து காதலிக்கிறாள். அரசன் அவர்களின் திருமணத்துக்கு வழிவகுக்கிறான். இதனை ஸ்கூதெரி கண்டித்தார். ரிஷெலியூவின் ஆதரவில் 1635இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு அக்கடமி நடுவராயிற்று. ஷாப்லென் பெரும்பகுதியை வரைந்த அதன் தீர்ப்பு, அத்திருமணம் வரலாற்றில் நிகழ்ந்ததாயினும் நம்பத்தக்கதன்று எனக் கூறியது. சமூக நன்மை கருதி மறைக்க வேண்டிய உண்மைகளும் உள்ளன என்பது அதன் வாதம்.

இங்கு நாம் அவதானிக்க வேண்டியது ஒன்றுண்டு. அரங்கை நிறைத்தோர் ஷிமெனை நம்பினர். அக்கடமியே நம்ப மறுத்தது. 'ஒரு மகள் இவ்வாறு செய்யாள்' என்ற கூற்றுள் 'ஒரு மகள் இவ்வாறு செய்யலாகாது' என்ற கட்டளை மறைந்திருந்தது. 1626இல் வாட்போரைத் தடைசெய்து, மறுஆண்டு அத்தடையை மீறிய பூத்வீல் பிரபுவுக்கு மரணதண்டனை விதித்த அரசே, இலக்கியத்தையும் தன் ஒழுங்கின்கீழ்க் கொணர முற்பட்டது. நிலமானியப் பிரபுக்களை அடக்கிய முடியாட்சி, நம்பத்தக்கது எதுவென வரையறுக்கும் உரிமையையும் தனதாக்கிற்று எனலாம்.

கோர்னெய் இதனை முற்றாக ஏற்றாரல்லர். பெரும் பொருள்கள் நம்பத்தக்கவற்றின் எல்லையைக் கடக்க வேண்டும் என 1660இல் அவர் எழுதினார். இவ்வழக்கில் பொதுக் கருத்தின் நியதிகளே உண்மையின் இடத்தைப் பெற்றன என்பதனை 1968இல் ஜெனெத் எடுத்துக்காட்டினார். அப்பொதுக் கருத்து எந்த அதிகாரத்தின் கருத்து என்ற வினாவையும் நாம் சேர்த்தே எழுப்புதல் வேண்டும்.

ஒடுக்கப்பட்டோரின் வாழ்வைக் கூறும் கதையொன்றை 'நம்பகத்தன்மையற்றது' என இன்று ஒரு விமர்சகர் தள்ளும்போது, அவர் மறுப்பது நிகழவியலாத ஒன்றையா, தாம் காண விரும்பாத ஒன்றையா என்பதனை முதலில் ஆராய்தல் தகும்.