நோயாளி வீடு திரும்பிய பிறகு: தமிழகப் பெண் மருத்துவர்களின் பங்களிப்பை அளப்பது குறித்து

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே, சென்னை மருத்துவக் கல்லூரியின் பக்கமிருந்து புறப்படும் பூந்தமல்லி நெடுஞ்சாலை கீழ்ப்பாக்கம், அமைந்தகரை, கோயம்பேடு, மதுரவாயல் கடந்து வேலப்பன்சாவடியைத் தொடுகிறது. திருவேற்காட்டை ஒட்டிய நூம்பல் அங்கேதான் இருக்கிறது. அதே சாலையில் மேற்கே போய்க்கொண்டே இருந்தால் ராணிப்பேட்டை, வேலூர். 1875இல் பெண்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி இந்த வழியின் ஒரு முனையில். பெண்களுக்கென்றே 1918இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளி மறுமுனையில். இன்று வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ். மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கையில் வெள்ளைக் கோட்டுடன் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் மாணவிகளை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெண் டாக்டர் என்பது அவ்வளவு சாதாரணமாகிவிட்டது.

ஆனால் அவர்களைப் பற்றி எழுதும் முறை மட்டும் மாறவில்லை. ‘முதல் பெண்’ என்ற பட்டத்தில் தொடங்கி, பத்ம விருதில் முடிகிறது அது. தடையைத் தாண்டியவர் என்ற பெருமையைச் சொல்வதோடு நின்றுவிடுவதால், தாண்டிய பிறகு அவர் மருத்துவத்தில் எதை மாற்றினார் என்ற கேள்வி விடுபட்டுப்போகிறது. நோயாளி மருத்துவமனை வாசலுக்கு வருமுன் உள்ள காலத்தையும், வீடு திரும்பிய பின் உள்ள காலத்தையும் மருத்துவத்தின் பொறுப்புக்குள் கொண்டுவந்ததுதான் இவர்களின் தலையாய பங்களிப்பு என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்குக் காரணம் பெண்மையின் இரக்கம் அன்று. மருத்துவ உலகம் அவர்களுக்கு ஒதுக்கிய இடம்.

மேரி ஷார்லீப் 1875இல் வேறு மூன்று பெண்களுடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பை முடித்து லண்டன் சென்று, அங்கும் 1882இல் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1885இல் அவர் முயற்சியால் உருவானது, ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுக்கும் பெண்களுக்கான மருத்துவமனை. இன்று திருவல்லிக்கேணியில் உள்ள அந்த மருத்துவமனைக்குக் கஸ்தூரிபா காந்தி பெயர் வைத்துப் பல்லாண்டுகள் ஆகியும் ஊர் வாயில் அது இன்னும் ‘கோஷா (திரைமறைவுப் பெண்கள்) ஆஸ்பத்திரி’தான். மருந்தும் மருத்துவரும் நகரில் இருந்தும் பாதி மக்கள்தொகைக்கு எட்டாமல் போயின என்பதை அந்தப் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது. வாசலுக்கு வராதவரையும் நோயாளியாகக் கணக்கில் எடுத்ததுதான் ஷார்லீப் செய்த மாற்றம்.

ஐடா ஸ்கடர் இதை இன்னொரு படி நகர்த்தினார். ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு அழைப்பு வந்ததும், ஆண் மருத்துவரான தந்தையை அந்த வீட்டார் ஏற்க மறுத்ததும், மூன்று பெண்களும் இறந்ததும் அவர் வாழ்க்கைக் கதையில் தவறாமல் இடம்பெறும். தெய்வ அழைப்பாக இதைச் சொல்வது மிஷன் மரபு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: ஒரு டாக்டர் அந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது, பெண் மருத்துவர்களை ஊருக்குள்ளேயே உருவாக்கினால்தான் முடியும் என்று அவர் கண்டுகொண்டார். 1900இல் ஒரு கட்டிலோடு வேலூரில் தொடங்கியவர், குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நின்று வைத்தியம் பார்த்தார். 1918இல் தொடங்கிய பள்ளியிலிருந்து 1922இல் முதல் அணி வெளியேறியது. அவர்களுக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அன்று, எல்.எம்.பி. என்ற கீழ்நிலை உரிமம்தான். ‘சாதனைப் பட்டியல்’ அவர்களைச் சேர்ப்பதில்லை. வட்டார மருத்துவமனைகளை நடத்தியவர்களில் அவர்களும் உண்டு.

புற்றுநோய்க்கு வந்தால் வாதம் இன்னும் தெளிவாகும். புதுக்கோட்டையிலிருந்து வந்து 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். வந்தால் சாவுதான் என்று மருத்துவர்களே கைவிட்ட நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற கேள்வியைத் தாண்டி, 1954இல் அவர் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கே வந்து சேர்ந்த வி. சாந்தா, எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் அரசு வேலை கிடைத்தும் அதை விட்டுவிட்டு வந்தவர். 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்தைவிட்டு அகலவில்லை.

சாந்தா என்றதும் தியாகத்தைப் பேசுகிறோம். நான் பேச விரும்புவது பதிவேட்டை. 1981இல் அங்கே தொடங்கப்பட்ட சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவகம், நகரில் யாருக்கு எந்த உறுப்பில் புற்றுநோய் வந்தது, அவர் என்ன ஆனார் என்று எழுதிவைக்கும் வேலை. புற்றுநோயை அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. ஆகவே பதிவகத்தின் ஊழியர்களே மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டவேண்டும். மாநகராட்சியின் இறப்புப் பதிவோடு ஒப்பிடவேண்டும். ஒருவர் இரண்டு இடத்தில் சிகிச்சை பெற்றிருந்தால் இரண்டு நோயாளியாகிவிடாமல் பார்க்கவேண்டும். அலுப்பான வேலை, புகழ் தராத வேலை. ஆனால் இது இல்லாமல் இந்நகரில் கருப்பைவாய்ப் புற்று குறைகிறது, மார்பகப் புற்று கூடுகிறது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. நோய் குணமாகும் என்று சொல்வதற்கே, சிகிச்சை முடிந்தவர் ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருக்கிறாரா என்று தேடிப்போகவேண்டும். நான் சொல்லும் பங்களிப்பின் உச்சம் இதுதான்.

மனநலத்திலும் இதே கதைதான். நம் சினிமா நகைச்சுவையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்றாலே பைத்தியம் என்று பொருள். அந்த மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்த சாரதா மேனன், சிகிச்சை முடிந்தவர் எங்கே போவார், என்ன வேலை செய்வார் என்ற கேள்வியை மருத்துவத்தின் கேள்வியாக்கினார். ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு நோய்க்கான ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கியது அதன் தொடர்ச்சி.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ளவேண்டும். டி.எஸ். கனகா 1968இல் நரம்பியல் அறுவை சிகிச்சையில் எம்.சி.எச். பெற்றவர், நரம்பியல் அறுவை மருத்துவர் பி. ராமமூர்த்தியின் குழுவில் மூளைக்குள் துல்லியமாக ஊசி செலுத்தும் ஸ்டீரியோடாக்டிக் அறுவை சிகிச்சைகளில் பங்கேற்றவர். மருத்துவத்தின் மையத்திலேயே, கத்தியோடு நின்றவர் அவர். பெண்கள் இயல்பிலேயே பராமரிப்பை நாடுகிறார்கள் என்ற எளிய விளக்கம் கனகாவிடம் உடைந்துபோகிறது. வாய்ப்புக் கிடைத்தபோது அவர்கள் மூளையையும் திறந்தார்கள். கிடைக்காதபோது, மற்றவர் கவனிக்காத பகுதிகளில் வேலை செய்து அப்பகுதிகளையே துறைகளாக்கினார்கள். ஒதுக்கப்பட்டதை நாம் குணமாக மாற்றிப் புகழ்வது, ஒதுக்கியதை மன்னித்துவிடுவதாகும்.

1986ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று இந்தப் புகழ்ச்சியின் எல்லையைக் காட்டுகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதைச் சென்னையில் கண்டறிந்தவர் என்று சுனிதி சாலமனை நினைவுகூர்கிறோம். தகும். பின்னர் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற அமைப்பைத் தொடங்கி, எச்.ஐ.வி. சோதனையின் முடிவு தெரிந்தபின் வாழவேண்டியவர்களுக்குத் துணைநின்றதும் அவர்தான். ஆனால் மயிலாப்பூர் பெண்கள் காப்பகத்துக்குப் போய் ரத்தம் எடுத்தவர் அவருடைய ஆராய்ச்சி மாணவி செல்லப்பன் நிர்மலா. கையுறை முதலிய வசதிகள் போதாத நிலையில் எடுத்த மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்து, சோதனைக்கு வேலூருக்குக் கொண்டுபோனார். அவரைப் பற்றி வெளியே பரவலாக எழுதப்பட்டதற்கே முப்பது ஆண்டு பிடித்தது.

முத்துலட்சுமியின் பிறந்தநாளான ஜூலை 30 தமிழகத்தில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதைவிட எனக்குப் பொருத்தமாகத் தெரிவது அவர் பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம். அதன் 18,000 ரூபாய் மொத்தமாகக் கைக்கு வருவதில்லை; ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது, மீதிப் பணம் தவணைகளாகப் பிரிகிறது. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு, பிறகு பரிசோதனைகள், பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று ஒவ்வொன்றும் நடந்திருக்கவேண்டும். நூம்பலில் கருவுற்ற ஒரு பெண் ‘பிக்மி நம்பர்’ என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்கிய நாளிலிருந்து அவரைப் பின்தொடர்ந்து வருகிறது திட்டம். அந்த நம்பரைப் பதிபவர், தவறவிட்ட பரிசோதனைக்காகத் தெருவில் விசாரித்து வீட்டுக்கு வருபவர், டாக்டர் அல்லர், சுகாதாரச் செவிலியர். இந்த வரலாற்றின் அடுத்த அத்தியாயத்துக்கான சான்றுகள் அவருடைய பதிவேடுகளில் இருக்கின்றன, விருதுப் பட்டியல்களில் இல்லை.