மன்னர் வாங்காத வண்டிகள்

இலண்டன் மாநகரிலே, சங்கீத விழாக்களுக்குப் பெயர்பெற்ற றோயல் அல்பேர்ட் மண்டபத்தில், 1987ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு பழைய மோட்டார் வண்டி ஏலத்தில் விடப்பட்டது. கிறிஸ்டி நிறுவனத்தார் நடாத்திய அவ்வேலத்தில், சுவீடன் தேசத்துச் செல்வர் ஒருவர் 55 இலட்சம் பவுண் கொடுத்து அதனைத் தமதாக்கிக்கொண்டார். உலகப் பங்குச் சந்தைகள் சரிந்து ஒரு மாதமே ஆகியிருந்த வேளை அது. ஆயினும், அவ்விலையைக் காட்டிலும் வியப்புக்குரிய செய்தியொன்று உண்டு. அதே வண்டி 1932இல் அதே இலண்டனில், ஒலிம்பியாக் கண்காட்சியில், 6,500 பவுண் விலை குறிக்கப்பட்டு நின்றது. வந்தவர் யாவரும் அதனை நின்று பார்த்தனர், வாங்குவார் ஒருவருமிலர். ஐம்பத்தைந்து ஆண்டுகளில் எண்ணூறு மடங்கிற்கு மேல் விலை ஏறுவதற்கு அவ்வண்டியில் என்ன மாற்றம் நேர்ந்தது? ஒன்றும் நேரவில்லை. மாறியவை அதனைச் சூழ்ந்திருந்த காலமும் மனிதருமே.

அவ்வண்டிக்குப் புகாட்டி றோயல் என்று பெயர். அதனைப் படைத்த எத்தோறே புகாட்டி 1881இல் இத்தாலியின் மிலான் நகரிற் பிறந்தவர். 1909ஆம் ஆண்டளவில், அன்று ஜேர்மனியின் ஆட்சியிலிருந்ததும் முதலாம் உலகப் போரின் பின் பிரான்சுக்கு மீண்டதுமான அல்சாஸ் மாகாணத்தில், மொல்சைம் என்னும் சிற்றூரிலே தமது தொழிற்சாலையை நிறுவினார். கலைஞர் குடும்பத்தில் வந்தவர் அவர். தந்தையார் மரத் தளபாடங்களைக் கலைப்பொருள்களாக வடித்தவர். தம்பி றெம்பிரான்ட் விலங்குகளின் உருவங்களை வார்ப்பதில் வல்ல சிற்பி. மொல்சைமில் உருவான ஓட்டப்பந்தய வண்டிகள் இலேசானவை, விரைவானவை. 1920களில் ஐரோப்பியப் பந்தயத் திடல்களிற் பரிசுகளை வாரிக் குவித்தவை. புகழ் உச்சியில் நின்ற அக்காலத்திலேதான், உலகத்து மன்னர்கள் ஏறுதற்கென்றே ஒரு வண்டி செய்யவேண்டும் என்ற எண்ணம் எத்தோறேக்கு உதித்தது.

எண்ணத்தின் அளவு எத்தகையது என்பதற்கு அதன் யந்திரமே சான்று. எட்டு உருளைகள் ஒரே வரிசையில் அமைந்த அதன் கொள்ளளவு ஏறத்தாழ 12.7 லீற்றர்; வலு 300 குதிரைவலுவளவில். முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவரை மாத்திரம் 4.3 மீற்றர், முழு நீளம் 6 மீற்றரைக் கடந்தது, நிறையோ மூன்று தொன்னுக்கு மேல். முகப்பின் உச்சியிலே, துதிக்கையை உயர்த்திப் பின்கால்களில் எழுந்து நிற்கும் யானையொன்றின் சிறு உருவம் பொருத்தப்பட்டது. அது றெம்பிரான்ட் வடித்த சிற்பத்திலிருந்து எடுக்கப்பட்டது. அவர் 1916இல், முப்பத்தொரு வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். மறைந்த தம்பியின் கைவண்ணத்தைத் தமது மிகப் பெரிய ஆக்கத்தின் நெற்றியில் ஏற்றிவைத்தார் தமையனார்.

இருபத்தைந்து வண்டிகள் செய்வது திட்டம். 1926க்கும் 1933க்குமிடையில் முற்றுப்பெற்றவை ஆறே ஆறு. 1929இல் நியூயோர்க்கிற் தொடங்கிய பெருமந்தம் ஐரோப்பாவையும் கவ்விக்கொண்டது. கோடீசுவரர்கள் கைகளை மூடிக்கொண்டனர். முடிமன்னர்களோ முடியையே காத்துக்கொள்ள இயலாதிருந்தனர். றோயல் ஒன்றை வாங்குவார் என எதிர்பார்க்கப்பட்ட ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ 1931இல் நாட்டைவிட்டே வெளியேறினார். ஈற்றில் ஆறில் மூன்றே விலைப்பட்டன. வாங்கிய மூவரும் மன்னரல்லர். ஒருவர் ஆர்மன் எஸ்டர்ஸ் என்னும் பிரான்சிய ஆடை உற்பத்தியாளர். இரவில் வண்டி ஓட்டுவதில்லை என்று கூறி, முன்விளக்கே இல்லாமல் அதனை அமைப்பித்துக்கொண்டவர். மற்றையவர் யோசேப் புக்ஸ் என்னும் ஜேர்மன் மகப்பேற்று மருத்துவர். மூன்றாமவர் குத்பேட் பொஸ்டர் என்னும் ஆங்கிலேயச் செல்வர். அரசர்க்கென்று வடித்த தேரில் ஆடை வணிகரும் மருத்துவரும் ஏறினர் என்பது எத்தோறேயின் கனவுக்கு நேர்ந்த பரிகாசமாகத் தோன்றலாம். உண்மையில் அக்காலத்தின் செல்வம் எவர் கைக்கு மாறியிருந்தது என்பதையே அது காட்டிற்று.

விலைப்படாத வண்டிகளுக்கென வார்த்த யந்திரங்கள் வீணாகவில்லை. பிரான்சிய இருப்புப்பாதைகளில் ஓடும் விரைவுத் தொடர்களுக்கு அவை பொருத்தப்பட்டன. அரசரைச் சுமக்கப் பிறந்த யந்திரம் சீட்டு வாங்கிய பொதுமக்களைச் சுமந்தது. நலிந்திருந்த தொழிற்சாலைக்கும் அதுவே உயிரூட்டிற்று. புகாட்டியின் வரலாற்றை எழுதுவோர் பலர் இதனை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுவர். யந்திரத்தின் ஆற்றலை உள்ளபடி மெய்ப்பித்த இடம் அந்த இருப்புப்பாதையே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

1936இல் பிரான்சு முழுவதும் எழுந்த வேலைநிறுத்த அலை மொல்சைமையும் அடைந்தது. தொழிலாளரைத் தம் குடும்பத்தவராகவே எண்ணியிருந்த எத்தோறே மனமுடைந்து பாரிசுக்குப் பெயர்ந்தார். 1939 ஓகத்து மாதம் மூத்த மைந்தர் ழான், பந்தய வண்டியொன்றை வெள்ளோட்டம் விடுகையில் விபத்தில் மாண்டார். அடுத்த மாதமே போர் மூண்டது. குடும்பத்திடம் எஞ்சியிருந்த மூன்று றோயல் வண்டிகளையும் ஜேர்மன் படையினர் கைப்பற்றாதபடி, எர்மனொன்வில் என்னுமிடத்திலிருந்த குடும்ப இல்லத்திலே சுவரெழுப்பி மறைத்துவைத்தனர். அச்சுவர் இடிக்கப்பட்டு வண்டிகள் வெளிச்சத்திற்கு வந்தபோது, அவற்றை வாங்கவல்ல உலகம் இல்லாது போயிருந்தது. 1947இல் எத்தோறேயும் கண்மூடினார்.

மருத்துவர் புக்சின் வண்டிக்கு நேர்ந்த கதி வேறு. நாசிகள் ஆட்சியேறியபின் ஜேர்மனியை நீங்கிய அவர், கிழக்காசியா வழியாக நியூயோர்க் சென்றடைந்தார். வண்டியும் உடன் சென்றது. அந்நகரத்துக் கடுங்குளிரில் யந்திரத்துள் இருந்த நீர் உறைந்து, வார்ப்பு வெடித்தது. பழைய இரும்புக் கிடங்கொன்றில், உடைத்து உருக்குவதற்குக் காத்துக்கிடந்தது அவ்வண்டி. ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் பொறியியலாளர் சார்ள்ஸ் செயின் 1940களில் அதனைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ 400 டொலருக்கு வாங்கிச் செப்பனிட்டார். பின்னர் அதனை ஹென்றி போர்ட் அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாக வழங்கினார். விற்றிருந்தால் எவ்வளவு பெற்றிருப்பார் என்று கணக்கிடுவோர் இன்றும் உளர்.

எர்மனொன்வில்லில் மறைந்திருந்த மூன்றில் இரண்டினை 1950இல் அமெரிக்கப் பந்தய வீரர் பிறிக்ஸ் கனிங்காம் வாங்கினார். எத்தோறேயின் மகளார் அவற்றிற்கு ஈடாகப் பெற்றவை சிறு தொகைப் பணமும், போருக்குப் பிந்திய பிரான்சிற் கிடைத்தற்கரியனவாயிருந்த இரண்டு குளிர்சாதனப் பெட்டிகளும். இக்கொடுக்கல் வாங்கலைக் கேட்போர் நகைப்பதுண்டு. ஆனால் பாலும் வெண்ணெயும் பங்கீட்டிற் பெற்றுவந்த ஒரு நாட்டிலே, பெற்றோலை வெள்ளம்போற் குடிக்கும் மூன்று தொன் வண்டியைக் காட்டிலும் குளிர்ப்பெட்டி பயன்மிக்கது என்று அவ்வம்மையார் கருதியிருந்தால் அதிற் குற்றம் காண்பதற்கில்லை. அவ்விரண்டில் ஒன்றே பிற்காலத்தில் அல்பேர்ட் மண்டபத்தை அடைந்தது.

எஞ்சிய ஒன்றின் கதை அல்சாஸ் மாகாணத்தை விட்டு நீங்காதது. மொல்சைமிலிருந்து தெற்கே மூலூஸ் என்னும் நகரின் அயலில், ஹான்ஸ், பிறிற்ஸ் என்னும் ஷ்லும்ப் சகோதரர் நூலாலைகள் பல நடாத்திவந்தனர். இளையவரான பிறிற்ஸ் புகாட்டி வண்டிகள்மேல் தீராத வேட்கை கொண்டவர். 1963இல் மொல்சைம் தொழிற்சாலையிடமிருந்தே, எத்தோறே தமக்கென வைத்திருந்த றோயலுடன் வேறு பல வண்டிகளையும் வாங்கினார். மறு ஆண்டு அமெரிக்கர் ஒருவரிடமிருந்து முப்பது புகாட்டிகளை ஒருமிக்க வாங்கினார். முன்பு பொஸ்டர் வைத்திருந்த றோயல் அவற்றுள் ஒன்று. அவ்வாறு சேர்ந்த நானூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் மூலூசில் ஒரு பழைய நூலாலைக் கட்டடத்துள், வெளியார் அறியாவண்ணம் வரிசையாக நிறுத்தப்பட்டன. பாரிஸ் நகரத்துப் பாலமொன்றின் விளக்குகளைப்போன்ற நூற்றுக்கணக்கான அலங்கார விளக்குகள் அவற்றின்மேல் ஒளி சொரிந்தன.

ஆனால் ஆலைகள் நலிந்துகொண்டிருந்தன. செயற்கை இழைகளின் போட்டியும் பொருளாதார நெருக்கடியும் 1970களில் கம்பளி நூற்புத் தொழிலை வீழ்த்தின. தொழிலாளர் வேலையிழந்தனர், 1976இல் சகோதரர் இருவரும் சுவிற்சர்லாந்துக்குச் சென்றுவிட்டனர். 1977 மார்ச்சு மாதம், சம்பளத்துக்கும் வேலைக்கும் போராடிவந்த தொழிலாளர் அந்தக் கட்டடத்துட் புகுந்தனர். தங்கள் ஆலைக்கு முதல் இல்லை என்று கூறப்பட்டுவந்த ஆண்டுகளில் முதல் எங்கே சென்றது என்பதை அன்று அவர்கள் கண்ணாரக் கண்டனர். கட்டடத்திற்குத் தொழிலாளர் தொழிற்சாலை என்று பெயர் சூட்டி, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, ஏறத்தாழ ஈராண்டு அதனைத் தம் காவலில் வைத்திருந்தனர்.

இங்கேதான் ஏலம் என்னும் வினா கூர்மையடைந்தது. கடன் கொடுத்தோர்க்கும் தொழிலாளர்க்கும் பணம் வேண்டும். பணமோ வண்டிகளாக நிற்கின்றது. ஒவ்வொன்றாக ஏலத்தில் விட்டிருந்தால் உலகத்துச் செல்வர் அனைவரும் மூலூசுக்கு விரைந்திருப்பர். வண்டிகளும் திசைக்கொன்றாகச் சிதறியிருக்கும். பிரான்சிய அரசு 1978இல் அத்தொகுதியை வரலாற்றுச் சின்னமாகப் பிரகடனஞ் செய்து, அது பிரிக்கப்படுவதைத் தடுத்தது. 1981இல் மூலூஸ் நகரமும் பிற பொது நிறுவனங்களும் சேர்ந்த சங்கமொன்று 440 இலட்சம் பிராங் கொடுத்து முழுவதையும் வாங்கிற்று. சந்தை கொடுத்திருக்கக்கூடிய தொகையோடு ஒப்பிடின் இது மிகக் குறைவு என்பதில் ஐயமில்லை. சகோதரர் தரப்பினர் இதனை அநீதி என்றனர். பெறுமதி மிக்க சொத்தைக் குறைந்த தொகைக்கு விட்டதனால் தொழிலாளரும் முழுப் பயன் அடைந்தனர் என்று சொல்வதற்கில்லை. எனினும், அவ்வண்டிகளைக் காப்பாற்றியவர்கள் அவற்றின்மேல் ஆசை கொண்டவர்களல்லர், கோபம் கொண்டு உட்புகுந்தவர்களே என்பதை மறுத்தலும் இயலாது. 1982இல் அருங்காட்சியகம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

1985இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சியிலே ஆறு றோயல் வண்டிகளும் ஒருங்கே நின்றன. அதன்பின் ஏலங்கள் தொடர்ந்தன. கனிங்காம் வாங்கிய இரண்டில் மற்றையது, சூதாட்ட விடுதிகளின் அதிபர் வில்லியம் ஹறாவின் பெருந்தொகுதியைச் சேர்ந்திருந்தது. அவர் 1978இல் இறந்தபின் கம்பனி கைமாறி, வண்டிகள் ஏலத்திற்கு வந்தன. 1986இல் டெக்ஸாஸ் செல்வர் ஒருவர் அந்த றோயலை 65 இலட்சம் டொலருக்கு எடுத்தார். ஓராண்டுள் அதனைப் பீற்சா வணிகர் தொம் மொனகனுக்கு 81 இலட்சத்துக்கு விற்றார். அவ்வாண்டின் இறுதியிலேதான் அல்பேர்ட் மண்டபத்து ஏலம் நிகழ்ந்தது.

ஏலக்காரரின் சுத்தியல் விழுவதற்கு இருவர் போதும் என்பர் அத்தொழிலினர். எத்தனை பேர் விரும்புகின்றனர் என்பதன்று, கடைசி இருவர் எவ்வளவு தூரம் விட்டுக்கொடாது செல்வர் என்பதே விலை. விற்பவரும், இதற்குக் கீழ் விற்பதில்லை என்று ஒரு தொகையை முன்கூட்டியே இரகசியமாகக் குறித்துவைப்பார். இலண்டனில் வாங்கிய சுவீடன் செல்வர் 1989இல் லாஸ் வேகாஸ் நகரில் வண்டியை மறுபடியும் ஏலத்தில் நிறுத்தினார். கேள்வி 115 இலட்சம் டொலர்வரை சென்றும் அவர் இணங்கவில்லை. மறு ஆண்டு ஜப்பானியக் கம்பனியொன்று அதனை வாங்கிற்று. அதன்பின் ஓரிரு ஆண்டுகளில் ஜப்பானியப் பொருளாதாரத்தின் வீக்கம் வற்றியது. பழைய வண்டிகளின் விலைகள் உலகெங்கும் சரிந்தன. சந்தையின் அந்த ஏற்றமும் இறக்கமும் மூலூசிலிருந்த இரண்டு றோயல்களையும் தீண்டவில்லை. பழைய நூலாலையின் கூரையின்கீழ், அந்த அலங்கார விளக்குகளின் நடுவே, அவை இன்றும் நிற்கின்றன.