பூனைக்குட்டிகளின் பிறவி முதுகெலும்புக் குறைகள்: அறுவை சிகிச்சை

கருவில் முதுகெலும்பு சரிவர உருவாகாத பூனைக்குட்டிக்குப் பின்னங்கால்கள் வலுவிழக்கலாம். சிறுநீரும் மலமும் தானாகக் கசியலாம். இக்குறைகளில் முக்கியமானது பிளவு முதுகெலும்பு. முள்ளெலும்பின் மேல்வளைவு மூடாமல் நின்றுவிட, அந்த இடைவெளி வழியே தண்டுவட உறையும் சில வேளைகளில் நரம்புகளும் பிதுங்கி வருகின்றன.

மேன் தீவின் வாலில்லாப் பூனையான மாங்ஸ் இனத்தில் இது அதிகம். வாலைக் குறுக்கும் மரபணு மாற்றமே இடுப்புப் பகுதி எலும்பையும் நரம்பையும் சிதைக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற கரு பிறப்பதே இல்லை. சினைப்பூனைக்குப் படர்தாமரை மருந்தான கிரிசியோபல்வின் கொடுத்தாலும் குட்டிகள் பிறவிக் குறையோடு பிறக்கக்கூடும்.

தூத்துக்குடி போன்ற துறைமுக ஊரில் பின்னங்காலை இழுத்து நடக்கும் குட்டியெல்லாம் பிறவிக் குறை உள்ளது அல்ல. வண்டியில் அடிபட்டிருக்கலாம், வால் இழுபட்டு நரம்பு அறுந்திருக்கலாம். தாய் சினையாக இருக்கும்போது பான்லூகோபீனியா வைரஸ் தாக்கினால் குட்டியின் சிறுமூளை குன்றும். அது தள்ளாடி நடக்கும், ஆனால் முதுகில் கத்தி வைக்க அங்கே வேலையே இல்லை. ஆகவே காரணத்தைக் கண்டறிவதுதான் முதல் சிகிச்சை. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தண்டுவடத்தின் நிலையை அறிய எம்.ஆர்.ஐ. வேண்டும். மேல்சிகிச்சைக்குத் தூத்துக்குடிக்காரர்கள் நாடக்கூடிய அருகிலுள்ள கல்லூரி, 2012இல் தொடங்கிய திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கல்லூரியும் அதுவும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை.

பிதுங்கிய பை தோலோடு ஒட்டியிருந்தால், குட்டி வளர வளரத் தண்டுவடம் இழுபடும். தோலில் துளை இருந்தால் தண்டுவட நீர் கசியும். கிருமி உள்ளே புகுந்து மூளையுறை அழற்சி வரும். அறுவை சிகிச்சை இந்த இரண்டையும் தடுக்கத்தான். மருத்துவர் முதுகின் நடுவே கீறி, பையைச் சுற்றியுள்ள தசையிலிருந்து பிரித்து, எலும்பு இடைவெளிவரை போகிறார். நரம்புகளை விடுவித்து உள்ளே தள்ளி, உபரி உறையை வெட்டி, மூடித் தைக்கிறார். குட்டியின் உடல் மயக்கத்தில் சீக்கிரம் குளிர்ந்துவிடும், இரத்தச் சர்க்கரையும் இறங்கும்; அதனால் நெடுநேரம் பட்டினி போடக் கூடாது, உடலைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும்.

கருவிலேயே உருவாகாத நரம்பை எந்த அறுவையும் தந்துவிடாது. நடக்கவும் வலியை உணரவும் முடிகிற குட்டிக்கே பலன் அதிகம். சிறுநீர்க் கட்டுப்பாடு முன்பே இல்லாதிருந்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. அத்தகைய குட்டிக்கு ஒரு நாளில் பலமுறை அடிவயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீர்ப்பையைக் காலி செய்ய வேண்டும். வளர்ப்பவர் இதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கற்றுக்கொள்வது அவசியம். வளர்ந்தபின் அந்தப் பூனைக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும்.